முழுசாகப் பதியும் கால்

சீனியம்மாளுக்கு நாய் என்றால் பயமில்லை. பாம்பைக் கண்டால்கூட ஒதுங்கிப் போவாளே தவிர அலற மாட்டாள். விடியுமுன்னே எழுந்து கழுகுமலை ரோட்டில் ஓடுகிறவள் இதற்கெல்லாம் பயந்தால் ஓடின மாதிரிதான். அப்படிப்பட்டவள் எண்பத்து நான்காம் வருஷம் ஆனி மாதத்தில் தன்னுடைய இடது காலைப் பார்த்துப் பயந்தாள். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கச் செய்கிற பயம். வெளியே சொல்லவும் முடியாத பயம்.

பெண் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்து, மனுப் போட்டு, ஆவணி பத்தாம் தேதி பாளையங்கோட்டை மைதானத்துக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்திருந்தது. அவளுக்கு அப்போது இருபத்து மூன்று முடிந்திருந்தது. இந்தத் தடவை தவறினால் அடுத்த தடவைக்குள் வயது வரம்பு தாண்டிவிடும். பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீட்டரில் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தவள். அதற்குப் பிறகு ஐந்து வருஷமாகச் சங்கரன்கோவிலில் வீட்டோடு நூல் சுற்றிக்கொண்டும், சாயங்காலம் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டும் இருந்தாள். நூல் சுற்றுவதில் கை மட்டும்தான் ஓடும். கால் சும்மா கிடக்கும். அது அவளுக்குப் பெரிய தண்டனை. ஓடச் சொல்லிச் சம்பளமும் கொடுக்கிற ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் வேறு எதையும் நினைக்கவில்லை.

அப்பா வீரபாண்டி விசைத்தறியில் வேலை பார்த்தவர். காலை ஷிஃப்டுக்குப் போகுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் மெதுவாக மிதித்துப் போவார். வயசுப் பிள்ளையை ரோட்டில் தனியாக ஓட விட்டால் ஊர் சும்மா இருக்குமா? அதற்காகத் துணை. அவருக்கு ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நாள் முழுக்கத் தறியில் எந்த இழை அறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிற கண். அந்தக் கண்தான் முதலில் பார்த்தது.

"மக்கா, ஒன் எடது காலு உள்பக்கமா மடங்கி மடங்கி விழுதே. வலிக்கா?" என்றார் ஒருநாள், சைக்கிளில் இருந்தபடியே.

வலிக்கவில்லை என்றாள். அது பாதிப் பொய். கெண்டைக்காலுக்குக் கீழே, உள்பக்க எலும்பை ஒட்டி, ஓடி முடித்ததும் லேசாக ஒரு குடைச்சல் கொஞ்ச நாளாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து கேன்வாஸ் ஷூவைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தாள். இடது ஷூவின் குதிகால் உள் ஓரத்தில் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. தரையில் வைத்தால் ஷூ தானாகவே உள்பக்கம் சாய்ந்து நின்றது. வலது ஷூவும் சாய்ந்ததுதான், ஆனால் அவ்வளவு மோசமில்லை. சரி, ஷூ பழசு என்று அன்றைக்கு விட்டுவிட்டாள்.

விட முடியாமல் செய்தவள் இன்பம். வாசுதேவநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து டைப்ரைட்டிங் படிக்கிற பிள்ளை. சீனியம்மாளுக்கு அடுத்த மிஷின் அவளுடையது. போன வருஷம் இதே போலீஸ் வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவள். ஏன் திரும்பினாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சீனியம்மாள் தனக்குக் கடிதம் வந்ததைச் சொன்ன அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"ஓட்டத்துல நான் ரெண்டாவது சீனி. ஒசரம், எடை எல்லாம் சரி. கடைசில கால நனச்சிட்டுச் சிமெண்டுத் தரையில நிக்கச் சொன்னாங்க. ஈரத்துல தடம் விழும்லா, அதுல உள்ளங்காலு நடுவுல எடைவெளி இருக்கணுமாம். எனக்கு முழுசா விழுந்துட்டு. தட்டக்காலு, வீட்டுக்குப் போன்னுட்டாங்க."

சொல்லிவிட்டு, ஆண்டவர் சித்தம் என்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்ட ஆரம்பித்தாள். மிஷின் படபடவென்று அடித்தது. அதற்கு மேல் கேட்டால் அழுதுவிடுவாள் என்று தெரிந்ததால் சீனியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததை நல்ல குணம் என்றுகூட அப்போது நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அம்மா குழாயடிக்குப் போனதும், ஒரு வாளித் தண்ணீரில் இடது காலை முக்கி எடுத்துச் சிமெண்டுத் தரையில் வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். குதிகாலிலிருந்து விரல் வரை ஒரு இடம் விடாமல் ஈரம். நடுவில் ஒரு நூலிழை இடைவெளிகூட இல்லை. வலது காலை வைத்தாள். அதில் உள் ஓரமாக ஒரு சின்ன வளைவு இருந்தது. இடதை மறுபடி வைத்தாள். மூன்றாம் தடவை வைத்தாள். வைக்க வைக்க அது முன்னைவிட அகலமாக விழுகிறது போல இருந்தது. நான்காம் தடவைக்கு வாளியை இழுத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குடத்தோடு அம்மா மாடத்தி உள்ளே வந்தாள். தரையில் கிடந்த தடங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. மாடத்திக்கு உலகத்தில் பெருமைப்பட இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று அவளுடைய புளிக்குழம்பு, இன்னொன்று மகளின் கால். பெண்ணுக்கு உள்ளங்கால் முழுசாகத் தரையில் பதிந்தால் போகிற வீடு செழிக்கும் என்பது அவள் பிறந்த வீட்டில் எல்லாரும் நம்பின விஷயம். சீனியம்மாள் நடை பழகும்போதே அந்தத் தடத்தைப் பார்த்து அத்தைமார் ஆளாளுக்கு நெட்டி முறித்திருக்கிறார்கள்.

"பாத்தியாட்டி, எப்பிடிப் பதிஞ்சிருக்கு. அரசாளுத பாதம். ஒனக்கு எதுக்கு போலீஸு வேல?" என்றாள்.

சீனியம்மாள் சாக்கை எடுத்துத் தரையைத் துடைத்தாள். வீட்டில் கொண்டாடுகிற அதே கால் பாளையங்கோட்டையில் அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப் போகிறது. இதை அம்மாவிடம் சொன்னால் அம்மா சந்தோஷப்படுவாள். அப்பாவிடம் சொன்னால் அவர் முகம் விழுந்துவிடும். இரண்டையும் அவளால் பார்க்க முடியாது.

அன்றிலிருந்து அவளுக்கு எங்கே பார்த்தாலும் கால்தான். தெருவில் வாசல் தெளித்த ஈரத்தில் யார் நடந்து போனாலும் தடத்தைப் பார்ப்பாள். இடைவெளி விழுந்த தடங்கள் எல்லாம் அவளுக்குப் பாஸ் ஆன தடங்கள். பால்காரனுக்குப் பாஸ். எதிர்வீட்டுக் கிழவிக்குப் பாஸ். தனக்கு மட்டும்தான் இல்லை என்று தோன்றும். தெருவில் கைத்தறிக் குழி இருந்த வீட்டு ஷரீபா பீவியின் தடமும் தன்னுடையதைப் போலவே முழுசாக விழுந்ததை ஒருநாள் பார்த்தாள். அந்தம்மா ஓடவா போகிறாள் என்று அதைத் தள்ளிவிட்டாள். பயந்தவள் கண்ணுக்கு எது வேண்டுமோ அதுதானே தெரியும்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். நிற்கும்போது காலின் உள் ஓரத்தை லேசாகத் தூக்கி, வெளி ஓரத்தில் பாரத்தைப் போட்டால் இடைவெளி விழுந்தது. கொஞ்சம் தூக்கினால் கொஞ்சம் விழுந்தது. நன்றாகத் தூக்கினால் ஓரத்தில் ஒரு கடி கடித்த தோசை போலத் தடம் அழகாக வந்தது. அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஆனால் டாக்டர் என்ன சும்மாவா இருப்பார்? அங்கே போய் அப்போது மட்டும் காலைத் தூக்கினால் கண்டுபிடித்துவிடுவார். காலுக்கு அது பழகிவிட வேண்டும், நினைக்காமலே அப்படி நிற்க வேண்டும் என்று முடிவு செய்தாள். அதனால் குழாயடிக்கு வெளி ஓரத்தில் நடந்தாள். நூல் சுற்றும்போது காலை ஒருக்களித்து வைத்தாள். டைப்ரைட்டிங் பெஞ்சுக்கு அடியிலும் கால் ஒருக்களித்தே இருந்தது. கடைசியில் ஓட்டத்திலும் அதைக் கொண்டு வந்தாள். முதல் வாரம் உள்பக்க எலும்புக் குடைச்சல் நின்றுவிட்டது. அது நின்றதுதான் கெட்டதாகப் போயிற்று. தான் செய்வது சரி என்று முழுசாக நம்பிவிட்டாள்.

அப்பாவும் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, இப்போது கால் சாயவில்லை, நேராக விழுகிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். மூச்சு மட்டும் முன்னைவிட ஏன் இவ்வளவு வாங்குகிறது என்று கேட்டார். அவள் வெயில் என்றாள். விடியற்காலையில் என்ன வெயில் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

ஆனி முடிகிற சமயம் வலி வேறு இடத்தில் வந்தது. இப்போது காலின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே. கட்டைவிரலால் அழுத்தினால் ஒரே ஒரு இடத்தில் சுரீரென்றது. கணுக்கால் முட்டியைச் சுற்றி வீங்கினது. பாவாடையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டிக்கொண்டு, மஞ்சளைச் சூடாக்கிப் பற்றுப் போட்டாள். அம்மா கேட்டதற்குச் சுளுக்கு என்றாள். நிறுத்திவிடலாமா என்று ஒரு நாள் யோசித்தாள். காலை நனைத்து, இறுக்காமல் சும்மா வைத்துப் பார்த்தாள். பழைய முழுத் தடம். உடனே பயம் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. நிறுத்தவில்லை.

இதற்கு நடுவில் மாடத்தி பிறந்த வீட்டு வழியில், ராயகிரியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷர் போலத்தான் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ராயகிரி வீட்டில் மருமகள் ஓடுவது இருக்கட்டும், வேகமாக நடந்தாலே யார் துரத்துகிறார்கள் என்று கேட்பார்கள் என்பது சீனியம்மாளுக்குத் தெரியும். மாடத்தி அன்றைக்குத் தன் சாமர்த்தியத்தை எல்லாம் காட்டினாள். வந்தவர்கள் பார்க்கட்டும் என்றே, பின்வாசலில் கால் கழுவிவிட்டு ஈரக்காலோடு உள்ளே வந்து நமஸ்காரம் பண்ணச் சொன்னாள்.

பின்வாசலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சீனியம்மாள் கணக்குப் போட்டாள். முழுக் காலைப் பதித்தால் இவர்கள் இன்றைக்கே வெற்றிலை மாற்றிவிடுவார்கள். அவள் வெளி ஓரத்தைத் தேர்ந்துகொண்டு, ஏழு அடி நடந்து உள்ளே வந்தாள். மாப்பிள்ளையின் பெரியம்மா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஒரு தடம், இன்னொரு தடம். காப்பியைக் கீழே வைத்துவிட்டாள். தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். இரண்டாம் நாள் தரகர் வந்து, பிள்ளைக்குப் பாதம் படியவில்லையாமே என்று இழுத்தார்.

இவ்வளவு சுலபமாக நடந்துவிட்டதே என்று சீனியம்மாளுக்குத் திகிலாக இருந்தது. ஒரு கதவைத் தன் காலாலேயே உதைத்துச் சாத்திவிட்டாள். இன்னொரு கதவு திறக்காவிட்டால்? அம்மாவோ இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, அந்தத் தடங்கள் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ள காலு எங்கட்டி போச்சு? நான் பெத்து வளத்த காலு அது. ஓடி ஓடியே தொலச்சிட்டியே" என்றாள்.

இனி ஓடக் கூடாது என்று தடை போட்டாள். வீரபாண்டி கெஞ்சி, ஆவணி பத்து வரைக்கும் தவணை வாங்கினார். அதற்கு மாடத்தி ஒரு நிபந்தனை வைத்தாள். ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் மகளைக் கூட்டிக்கொண்டு கோவிலை நூற்றெட்டுச் சுற்று சுற்ற வேண்டும். போன காலை அம்மன் திருப்பித் தரவேண்டும்.

ஆடிச்சுற்று அந்த ஊருக்கு வழக்கம்தான். கோமதியம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் இருக்கிற நாட்கள் அவை. அவளுடைய கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஜனங்கள் வெறுங்காலோடு கோவிலைச் சுற்றி வருவார்கள். காலையிலும் சாயங்காலமும் ஜேஜே என்று கூட்டம். கிழவிகள், கைப்பிள்ளைக்காரிகள், கடைக்காரர்கள் என்று எல்லாரும் ஒரே திசையில் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் சீனியம்மாள் முன்னால் நடந்தாள். மாடத்தி இரண்டடி பின்னால், மகளின் இடது காலை விட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தாள்.

காலை முழுசாகப் பதிக்கத்தான் சீனியம்மாளின் உடம்பு கெஞ்சியது. பதித்தால் அம்மன் கொடுத்துவிட்டாள் என்று அம்மா அங்கேயே விழுந்து கும்பிடுவாள், அன்று மாலையே ராயகிரிக்கு ஆள் போகும். அதோடு, ஆவணி பத்துக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. பழக்கம் விட்டுப்போய்விட்டால்? அவள் ஓரத்திலேயே நடந்தாள். வெறுங்காலில், சுடுகிற தரையில், நாளுக்குப் பத்துச் சுற்று. சந்நிதிக்கு நேரே வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள். ஒற்றைக்காலில் உண்மையாக நிற்கிறவளுக்கு முன்னால் ஒரு பொய்க் காலை வைத்து நடக்கிறோமே, இதற்கு என்ன கேட்கப் போகிறாளோ என்று இருக்கும்.

ஆறாம் நாள், எட்டாவது சுற்றில், வலிக்கிற அந்த இடத்தில் சுள்ளி முறிகிறது போல ஏதோ ஒன்று விட்டது. சத்தம் கேட்டதா, கேட்டது போல இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வர, மதில் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். வேர்த்து ஊற்றியது. சுற்றி நின்ற பெண்கள் இரக்கமாகப் பார்த்தார்கள். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. அம்மன் தன் கால்வலியைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள், குடுத்து வைத்தவள் என்றார்கள். மாடத்தி மகள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதனால் அந்தக் காலை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. அம்மன் கொடுத்த வலிக்கு மருந்து போடுவார்களா என்ன? மிச்சச் சுற்றுகளையும் அவள் சுற்றி முடித்தாள்.

ஆவணி பத்து அன்று முதல் பஸ்ஸில் அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். திருநெல்வேலி வரைக்கும் அவள் இடது காலை முன் சீட்டுக்கு அடியில் நீட்டியே வைத்திருந்தாள். இரண்டு வாரமாக ஓடவில்லை. கால் ஓய்வெடுக்கட்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். வீக்கம் பாதி வடிந்திருந்தது. நடந்தால் தாங்கிக்கொள்ளலாம். ஓடினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயந்துதான் ஓடிப் பார்க்கவில்லை.

மைதானத்தில் நூறு பெண்களுக்கு மேல் வரிசையில் நின்றார்கள். உயரம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள். பிறகு எட்டு எட்டுப் பேராக நானூறு மீட்டர் ஓட்டம். ஓட்டம் முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, வெள்ளைக் கோட்டு மாட்டின ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருந்தாள். சீனியம்மாளின் கண் அந்த வெள்ளைக் கோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அவள் இங்கிருந்தே எல்லார் காலையும் பார்க்கிறாள் என்று தோன்றியது.

விசில் ஊதினதும் அவள் வெளி ஓரத்தில்தான் கிளம்பினாள். ஒவ்வொரு அடிக்கும் அந்த ஒரே இடத்தில் ஆணி இறங்கியது. பாதி தூரத்தில் அவள்தான் கடைசி. முன்னால் ஏழு முதுகுகள் விலகிப் போய்க்கொண்டிருந்தன. தன் வாழ்க்கையில் இவ்வளவு பேர் முதுகை அவள் பார்த்ததே இல்லை. தோற்றுவிடுவோம் என்ற பயம் அப்போது கால் தெரிந்துவிடும் என்ற பயத்தை மிஞ்சியது. போகட்டும் என்று காலை விட்டாள். அது தன்பாட்டுக்கு உள்ளே சாய்ந்து, முழுசாக விழுந்து, எழும்பியது. எட்டு வாரமாக மறந்திருந்த வேகம் எங்கிருந்தோ வந்தது. வலி போகவில்லை, ஆனால் வலிக்கு முன்னால் ஓட முடிந்தது. கோட்டைத் தாண்டும்போது மூன்றாவதாக வந்தாள். நேரம் போதும் என்று சொல்லி, கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள்.

மருத்துவச் சோதனை ஒரு நீளமான அறையில் நடந்தது. சிமெண்டுத் தரை. துணித் தட்டிக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீர்.  இன்பம் சொன்ன சோதனை இதுதான் என்று சீனியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

காலை நனைத்து நிற்கச் சொன்னாள் டாக்டரம்மா. சீனியம்மாள் இடது காலின் உள் ஓரத்தைத் தூக்கப் பார்த்தாள். கால் கேட்கவில்லை. ஓட்டத்துக்குப் பிறகு அந்த ஓரத்தில் ஒரு பலமும் இல்லை. முழுசாகத் தரையில் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி, இப்ப குதிகாலைத் தூக்கு. விரல்ல நில்லு" என்றாள் டாக்டரம்மா.

சீனியம்மாள் கண்ணைத் திறந்தாள். இதை இன்பம் சொல்லவில்லையே. வலது காலில் முதலில் எழும்பினாள். உள்ளங்கால் வில்லாக வளைந்து மேலே போனது. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது குதிகாலை இரண்டு விரற்கடை தூக்கினாள். அதுவும் வளைந்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு, காலில் ஒரு குறையும் இல்லை என்று தாளில் குறிக்கப் போனாள். அந்த நேரத்தில்தான் சீனியம்மாளின் இடது கால் மடங்கியது. தட்டியைப் பிடித்துக்கொண்டு விழாமல் நின்றாள்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள். காலைத் தடவிக்கொண்டே வந்த விரல் அந்த இடத்தில் அழுத்தியது. சீனியம்மாள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எலும்பு விட்டிருக்கு. இது இன்னைக்கு ஓடினதுல வந்ததில்ல. எத்தனை நாளா இப்படி?"

அதற்கு மேல் அவளால் மறைக்க முடியவில்லை. தட்டைக்கால் என்று அனுப்பிவிடுவார்கள் என்று பயந்ததையும், வெளி ஓரத்திலேயே நடந்ததையும், ஓடினதையும், கோவிலைச் சுற்றினதையும் தாறுமாறாகச் சொல்லி முடித்தாள். போன வருஷம் இன்பம் என்கிற பிள்ளையை இதற்காகத்தானே அனுப்பினார்கள் என்றும் கேட்டாள். டாக்டரம்மா அவள் காலைக் கீழே இறக்கி வைத்தாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். சில பேருக்கு விரலில் எழும்பினாலும் உள்ளங்கால் எழும்பாது, அப்படியே விறைப்பாகத் தட்டையாக இருக்கும். அந்தக் காலைத்தான் வேண்டாம் என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு அப்படி இருந்திருக்கும். ஈரத் தடத்தைப் பார்ப்பது சோதனையில் பாதிதான்.

"ஓடும்போது எல்லார் காலும் உள்ளே சாயும்மா. குதிகாலோட வெளி ஓரம் முதல்ல படும். உடனே கால் உள்ளே சாஞ்சு, உள்ளங்கால் தாழ்ந்து அடியை வாங்கிக்கும். அப்புறம் விறைச்சுக்கிட்டுப் பெருவிரலால உந்தும். சாயாட்டி அவ்வளவு அடியும் எலும்புலதான் இறங்கும். உனக்குச் சாய்ச்சல் கொஞ்சம் கூடுதல். ஷூவுக்குள்ள உள் ஓரமா ஒரு துண்டுத் தோல் வச்சிருந்தா போதும்."

சொல்லிவிட்டு அவள் தன் செருப்பைக் கழற்றினாள். புடவையைக் கொஞ்சம் தூக்கி, காலை வாளியில் முக்கி, சீனியம்மாளின் தடத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தாள். குதிகாலிலிருந்து விரல் வரை முழுசாக ஈரம். எங்கேயும் இடைவெளி இல்லை.

"காலேஜ்ல மூணு வருஷம் ஓடியிருக்கேன் நான்" என்றாள்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தாளை எடுத்து எழுதினாள். எலும்பு முறிந்த காலோடு இருக்கிறவளைச் சேர்க்க அவளுக்கு அதிகாரம் கிடையாது. மூன்று மாதம் கட்டுப் போட்டால் நன்றாகச் சேர்ந்துவிடும், மறுபடி ஓடலாம், அடுத்த தடவை வா என்றாள். தாளில் பிறந்த தேதியைப் பார்த்ததும் அந்தப் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டாள். அவ்வளவு வலிக்கும் அழாத சீனியம்மாள் இப்போது அழுதாள். பெரிய நோய் ஏதாவது இருந்து வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அன்றைக்குக் குழாயடிக்கு அம்மா போன நேரத்தில் குதிகாலைத் தூக்கி ஒரு தடவை நின்று பார்த்திருந்தால் போதுமே, அதற்குக் காசா பணமா என்று நினைக்க நினைக்க ஆறவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் வீரபாண்டி நின்றுகொண்டிருந்தார். மகள் மூன்றாவதாக வந்ததைக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தவர். ஒரு டம்ளர் சர்பத் வாங்கி, ஐஸ் கரைந்துவிடக் கூடாதே என்று கையால் மூடி வைத்திருந்தார். அவள் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. தட்டைக்கால் என்று சொல்லிவிட்டார்களா என்று அவர் கேட்டார். அவருக்கு அந்த வார்த்தை எப்படித் தெரியும் என்று அவளுக்குத் திக்கென்றது. வாசுதேவநல்லூர்ப் பிள்ளை எதற்காகத் திரும்பி வந்தது என்று ஊரில் விசாரித்ததாகவும், அதைச் சொன்னால் மகள் பயந்துவிடுவாள் என்று இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்ததாகவும் அவர் சொன்னார்.

சீனியம்மாள் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"கால் நல்ல காலாம்ப்பா" என்றாள். "நான்தான் ஒடிச்சிட்டேன்."